பாத்தி எண் இரண்டு

அக்டோபர் 6, திங்கள்

மதியம் ஒரு மணிக்கு வந்து சேர்ந்தேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர், மழையில், கையில் பெட்டியோடு நடை. முன்பெல்லாம் பெட்டியைத் தூக்க ஆள் இருந்தது.

ஆராய்ச்சி நிலையம் என்று கல்லூரிப் பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறது. உள்ளே வந்து பார்த்தால் தகரக் கூரை போட்ட இரண்டு அறை, ஒரு நுண்ணோக்கி, பின்னால் பச்சை வலை கட்டிய ஒரு கொட்டகை. பழனி மலையின் இந்த மூலையில் ஐந்து வருடமாக ஈரல்செடிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஈரப் பாறையிலும் பாலத்துச் சுவரிலும் பச்சையாக ஒட்டிக்கொண்டு, வேரும் பூவும் இல்லாமல், ஈரல் துண்டு மாதிரி மடல் மடலாகக் கிடக்குமே, அதுதான். ஊர்க்காரர்களுக்கு எல்லாமே பாசி. "கல்லீரலுக்கு நல்லதா மேடம்?" என்று கேட்காத ஆள் கிடையாது. எதற்கும் நல்லதில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

மாதக் கடைசிக்குள் எல்லாவற்றையும் கட்டிவைத்துச் சாவியை வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். காரணம் தெரிந்ததுதான். செப்டம்பர் 24 அன்று எங்கள் ஆய்வக உதவியாளர் தொபியாஸ் ஓடையைக் கடக்கும்போது வெள்ளம் அவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு நாள் கழித்துக் கீழே தடுப்பணையில் கிடைத்தான். பதினைந்து வருடம் என்னோடு வேலை பார்த்தவன்.

அவனாகத்தான் போனான். காவல் நிலையத்திலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சமையலுக்கு வரும் சிட்டம்மா சுடச்சுடக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். "தனியாவா இருக்கப் போறீங்க?" என்றாள். ஐம்பத்திரண்டு வயதில் துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளவா என்று கேட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

புத்தகங்கள் மூன்று பெட்டி. உலர் மாதிரிகள் இரண்டு பெட்டி. கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். கொட்டகைக்குப் போகவில்லை. பூட்டு துருப்பிடித்திருக்கும், எண்ணெய் வாங்க வேண்டும்.

அக்டோபர் 9, வியாழன்

எண்ணெய் வாங்கியாயிற்று. இன்று வேறு வேலை வந்துவிட்டது.

தொபியாஸின் மனைவி பிலோமி வந்தாள். அவன் சாமான்களை எடுத்துப் போக. ஒரு ஸ்வெட்டர், டிபன் பாக்ஸ், ஜெபமாலை, பாதி தேய்ந்த சோப்பு. எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தேன், சீக்கிரம் போய்விடுவாள் என்று. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"ஓடைக்கு அந்தப் பக்கம் என்ன மேடம் இருக்கு?"

"காடுதான்."

"காடு மட்டுமா? எஸ்டேட்டு பழைய கொட்டாயில சாராயம் விக்கிறாங்கன்னு ஊரே சொல்லுது." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "ரெண்டு வருசமா தொடலன்னு நெனச்சேன். வேளாங்கண்ணியில மொட்டை போட்டு, மாதா முன்னாடி சத்தியம் பண்ணினாரு. அதுக்கப்புறந்தான் நான் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அந்த மழையில, அந்தத் தண்ணியில எறங்கிப் போற அளவுக்கு... வேற எதுக்கு மேடம் போயிருப்பாரு?"

"தெரியலையேம்மா" என்றேன்.

நான் சொன்னதில் பொய் என்று எதுவும் இல்லை. ஒரு மனிதன் மனதில் என்ன நினைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான் என்று யாருக்குத் தெரியும். பிலோமி சோப்பை மட்டும் எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் பையோடு போனாள்.

அக்டோபர் 10, வெள்ளி

மழை. தலைவலி.

அக்டோபர் 13, திங்கள்

சாயங்காலம் நாலு மணி. தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் இருமல் சத்தம். தொபியாஸ் கதவைத் தட்ட மாட்டான். ஒரு தரம் இருமுவான், பிறகு "உள்ள வரலாமா மேடம்?" என்பான். பதினைந்து வருடம் இதே பழக்கம். நான் அடுப்படியிலிருந்தே "வா" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. வாசல்படியில் தண்ணீர் இருந்தது, மழை நாளில் வாசல்படியில் தண்ணீர் இருக்கத்தான் செய்யும். திரும்பி வந்தால் இரண்டு தம்ளரில் தேநீர் ஊற்றிவைத்திருக்கிறேன்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பயமாக இருக்கிறது, அது வேறு விஷயம்.

அக்டோபர் 16, வியாழன்

இன்று கொட்டகையைத் திறந்தேன். இனித் தள்ளிப்போட முடியாது, பெட்டிகள் எல்லாம் கட்டியாகிவிட்டது.

ஒழுங்காக, முறையாக எழுதப் பார்க்கிறேன்.

ஈரல்செடியில் ஆண் வேறு, பெண் வேறு. தட்டையான பச்சை மடல் இரண்டுக்கும் ஒன்றுதான், பார்த்துச் சொல்ல முடியாது. அதன் மேல் சின்னச் சின்னக் கிண்ணங்கள் இருக்கும். கிண்ணத்துக்குள் கடுகைவிடச் சின்னதாய்ப் பச்சைத் தட்டுகள். மழைத்துளி கிண்ணத்தில் விழுந்தால் தட்டுகள் தெறித்து, விழுந்த இடத்தில் முளைத்துவிடும். இதற்குத் துணை தேவையில்லை. ஒரு பெண் செடி இப்படியே தெறித்துத் தெறித்து ஒரு பாலத்துச் சுவரை முழுக்க மூடிவிடும். அத்தனையும் பெண்ணாகவே இருக்கும், அத்தனையும் அதே செடிதான்.

ஆனால் பருவம் வந்தால் மடலிலிருந்து காம்பு கிளம்பும். ஆணுக்குக் காம்பின் உச்சியில் ஒரு வட்டத் தட்டு. பெண்ணுக்கு விரல் விரலாகப் பிரிந்த குடை. தட்டில் விழும் மழைத்துளி ஆண் அணுக்களைச் சுமந்துகொண்டு தெறிக்க வேண்டும், அது பெண் குடைக்குப் போய்ச் சேர வேண்டும், அதன் பிறகு ஈரப்படலத்தில் நீந்தி முட்டையை அடைய வேண்டும். மழை இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. நடந்துவிட்டால் மூன்று நான்கு வாரத்தில் குடைக்கு அடியில் மஞ்சள் மஞ்சளாக வித்துப் பைகள் தொங்கும்.

எங்கள் கொட்டகையில் இரண்டு பாத்திகள். இரண்டும் பாலத்துச் சுவரிலிருந்து எடுத்தவை, இரண்டுமே பெண். ஆண் செடி ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு பாறையில் மட்டும்தான் உண்டு. ஐந்து வருடப் பதிவேட்டில் என் கையாலேயே அப்படி எழுதியிருக்கிறேன்.

இன்று முதல் பாத்தியில் குடைகள் எல்லாம் நன்றாக உயர்ந்து நிற்கின்றன. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் மஞ்சள். அடுத்ததைத் திருப்பினேன், அதிலும் மஞ்சள். நாற்பத்தொரு குடைகள் எண்ணினேன், முப்பத்தாறில் வித்துப் பைகள்.

ஆண் இல்லாத கொட்டகையில் இது நடக்கவே முடியாது.

இரண்டாம் பாத்தியை நத்தைகள் தின்று தீர்த்திருக்கின்றன. தலையெல்லாம் போய்க் காம்புகள் மட்டும் கறுத்துக் கிடக்கின்றன. அதில் பார்க்க ஒன்றுமில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

கொட்டகையைத் தரையோடு தரையாக உட்கார்ந்து தேடினேன். வலை, மூங்கில், தொட்டி, செங்கல் இடுக்கு. எங்கேயாவது ஒரு ஆண் செடி கிடைத்துவிட்டால் போதும், நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். கிடைக்கவில்லை.

ஒன்றை இங்கே எழுதிவைக்க வேண்டும். தடுப்பணையில் அவனைக் கரையேற்றியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். சட்டைப் பையில் ஒரு பாலித்தீன் உறை இருந்தது. காவலர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆத்துப் பாசி மேடம்" என்று உதறிப் போட்டார். அது ஆற்றுப் பாசி இல்லை. காம்பும் வட்டத் தட்டுமாக ஆண் செடி, வேர் போன்ற இழைகள் அறாமல் மண்ணோடு பெயர்த்து எடுத்தது. அவ்வளவு சுத்தமாக எடுக்க அவனால் மட்டும்தான் முடியும். எனக்குத் தெரிந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

அதாவது அவன் போகும்போது வெள்ளம் அடித்துக்கொண்டு போகவில்லை. எடுத்துக்கொண்டு திரும்பி வரும்போதுதான்.

அக்டோபர் 18, சனி

சிட்டம்மாவைக் கொட்டகைக்கு வரச் சொன்னேன். அவள் உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"நீ இதுக்குள்ள ஏதாவது கொண்டாந்து போட்டியா? பாலத்துப் பக்கம் போயிட்டு வந்த காலோட வந்தியா?"

"நான் எதுக்கு மேடம் இங்க வரப் போறேன். அவுக போனதுல இருந்து இந்தப் பக்கமே வர்றதில்ல." கொஞ்சம் தயங்கினாள். "மத்தியான நேரத்துல ரப்பர் பூட்ஸ் நடக்குற சத்தம் கேக்குது. எனக்கு மட்டும் இல்ல, பால்காரரும் கேட்டிருக்காரு. சொன்ன வேலைய முடிக்காம அவுக என்னைக்குப் போயிருக்காக?"

"யார் சொன்ன வேலை?"

சிட்டம்மா என்னை நேராகப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"நீங்கதான மேடம் அன்னைக்கு அந்தக் கத்துக் கத்துனீங்க. அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு."

பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

நாளும் நாலு மணிக்கு இருமல். இப்போதெல்லாம் நான் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. கொட்டகைக் கதவைப் பூட்டாமல் விட்டிருக்கிறேன்.

வேறு விளக்கம் இல்லை. அவன் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். தண்ணீர் கொண்டுபோன பிறகும் வந்து, நான் கேட்டதைப் பாத்தியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இருபத்தெட்டு வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் இதை எழுதுகிறேன். மாணவர்கள் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இன்று கொட்டகையில் நின்று வாய்விட்டே சொன்னேன். "கிடைச்சிருச்சு தொபியாஸு. போதும், இனி வராதே."

வலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 24, வெள்ளி

இன்று அவனுக்கு முப்பதாம் நாள் பூசை. அவன் ஊரான சின்னப்பாறைக் கோயிலில் காலை ஆறரைக்கு. எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். போகவில்லை.

வேலை செய்தால் நேரம் போகும் என்று, கடைசியாக மிச்சமிருந்த நுண்ணோக்கியைக் கட்ட உட்கார்ந்தேன். ஒரு மாதமாக உறை போட்டபடியே இருந்தது. உறையை எடுத்தேன். மேடையில் ஒரு கண்ணாடித் தகடு செருகியிருந்தது.

ஓரத்தில் தொபியாஸின் கையெழுத்து. எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதுவான். "பா.2. ஆண். 23.9."

விளக்கைப் போட்டுப் பார்த்தேன். காம்பின் உச்சித் தட்டை நெடுக்குவாட்டில் வெட்டியிருந்தான், முடியிழை கனத்தில், ஒரு இடத்தில்கூடக் கிழியாமல். பெண் என்றால் முட்டைக் குடுவைகள் அடிப்பக்கம் தலைகீழாகத் தொங்கும். இதில் எல்லாம் மேல் பக்கம். மேல்தோலுக்குக் கீழே வரிசையாகக் குழிகள், ஒவ்வொரு குழிக்குள்ளும் குட்டைக் காம்பில் ஒரு பை, ஒவ்வொரு குழிக்கும் வெளியே திறக்கும் ஒரு சின்ன வாய். முதல் வருட மாணவிகூடச் சொல்லிவிடுவாள்.

இரண்டாம் பாத்தி ஆண். முதலிலிருந்தே ஆண்தான், நத்தைகள் தின்னும் முன்பே மழை அதன் அணுக்களை முதல் பாத்தியில் சேர்த்துவிட்டிருக்கிறது. பாலத்துச் சுவர் முழுக்க ஒரே செடியின் பிள்ளைகள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அந்தச் சுவரில் இரண்டு செடிகள் அக்கம்பக்கமாகப் படர்ந்திருக்கின்றன. மொட்டுப் பருவத்தில் ஆணும் பெண்ணும் பொத்தான் மாதிரி ஒன்றுபோலவே இருக்கும். வெட்டிப் பார்த்துத்தான் எழுத வேண்டும், எல்லா மாணவர்களுக்கும் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். நான் வெட்டவில்லை. பார்த்த பார்வையிலேயே "பெண்" என்று எழுதினேன். எனக்கு வெட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்தேன்.

இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

செப்டம்பர் 23 சாயங்காலம் தொபியாஸ் வந்து இருமினான். "மேடம், ரெண்டாவது பாத்தி ஆண் மாதிரில்ல இருக்கு" என்றான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நீ எனக்குச் சொல்லித் தருகிறாயா என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பவும் வந்து, "சீவி வச்சிருக்கேன் மேடம், ஒரு தடவ கண்ணு வச்சுப் பாத்துருங்க" என்றான். நான் விண்ணப்பம் ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். நாளைக்குப் பார்க்கிறேன் என்றேன்.

மறுநாள் காலையில் மழை கொட்டியது. பெண் குடைகள் முதிர்ந்துகொண்டிருந்தன, அந்த வாரம் விட்டால் இந்த வருடமே போச்சு. அக்கரைக்குப் போய் ஆண் செடி எடுத்து வா என்றேன். "தண்ணி ஏறிக் கெடக்கு மேடம். ஆண் செடிதான் நம்மகிட்டயே இருக்கே, அதத்தான் நேத்து..." என்று ஆரம்பித்தான். அப்போதுதான் கத்தினேன். சொன்ன வேலையைச் செய், இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கல்லூரிக்கே போய்ப் பெஞ்சு துடை என்று கத்தினேன். அவன் உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். தேவையே இல்லாத ஒன்றை எடுக்கப் போனான். தேவையில்லை என்று தெரிந்தே போனான்.

மழைக்காலத்தில் ஓடையைக் கடக்கக்கூடாது என்று வனத்துறை அனுமதிக் கடிதத்தில் நாலாவது நிபந்தனை. அது தெரிந்துதான் மறுநாள் களப் பதிவேட்டில், செப்டம்பர் 24 என்ற தேதிக்குக் கீழே, "கனமழை. களப்பணி இல்லை" என்று எழுதினேன். அவன் உடல் அப்போது இன்னும் கிடைத்திருக்கவில்லை.

கொட்டகைக்கு யாரும் வரவில்லை. செத்தவன் எதையும் கொண்டுவந்து வைக்கவில்லை. உயிரோடு இருந்தவன் கொண்டுவந்து வைத்ததைத்தான் நான் பார்க்கவில்லை.

அக்டோபர் 25, சனி

நாலு மணிக்கு இருமல் கேட்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதுதான் தாங்க முடியவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

காவல் நிலையத்துக்குப் போனேன். முன்பு எழுதிக் கொடுத்தது பொய், மாற்றி எழுத வேண்டும் என்றேன். காவல் ஆய்வாளர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். சங்கடமாக மேசைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"கேஸ் முடிஞ்சு போச்சுங்க மேடம். குடிச்சிட்டு விழுந்தான்னு ஊரே சொல்லுது. உங்களுக்கு எதுக்குங்க வம்பு? ரிட்டயர்ட் ஆகுற வயசுல."

"அவன் குடிக்கல. அதை முதல்ல எழுதுங்க."

நாலு பக்கம் ஆயிற்று. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். பிறகு முதல்வருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர், வக்கீலைப் பார்க்காமல் இனி யாரிடமும் எதையும் சொல்லாதீர்கள் என்றார். சரி என்றேன். சொல்ல வேண்டிய ஆள் ஒருத்தி பாக்கி.

அக்டோபர் 29, புதன்

பிலோமி வீட்டு முற்றத்தில் மலைப்பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பெரியது ஒரு கூடை, சின்னது ஒரு கூடை. உட்காரச் சொல்லிப் பலகை போட்டாள். நான் நின்றுகொண்டேதான் சொன்னேன். பாத்தி, பாறை, மழை, நான் கத்தியது, பதிவேட்டில் எழுதியது எல்லாம். பாத்தியைப் பற்றி அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. கை பாட்டுக்குப் பூண்டைப் பிரித்துக்கொண்டே இருந்தது.

முடித்ததும் கேட்டாள். "அப்ப அவரு குடிக்கல?"

"இல்ல."

"நல்லாத் தெரியுமா?"

"காலையில என்கூடத்தான் டீ குடிச்சான். நேரா ஓடைக்குத்தான் போனான். எடுத்த செடி சட்டைப் பையில இருந்துச்சு, நானே பார்த்தேன்."

கை நின்றது. அவள் அழுவாள், அல்லது என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சவப்பெட்டிய மூடையில கடைசியா முத்தம் குடுக்கச் சொன்னாக" என்றாள். "மாட்டேன்னுட்டேன். மாதாவையே ஏமாத்துன ஆளுக்கு நான் எதுக்குக் குடுக்கணும்னு சனத்துக்கு முன்னாடி கேட்டேன். முப்பதாம் நாள் பூசைக்கு எங்க மாமியா கையப் பிடிச்சுக் கூப்பிட்டாக. குடிகாரனுக்கு என்ன பூசைன்னேன். நாளெல்லாம் அவரத் திட்டிக்கிட்டே இருந்தேன் மேடம். இந்தப் பூண்டு பிரிக்கையிலகூட."

கையிலிருந்த பூண்டைக் கூடையில் போட்டாள்.

"நீங்க போலீஸ் டேசன்ல மாத்தி எழுதிக் குடுத்துட்டீங்க. நான் எங்க போயி மாத்தி எழுதிக் குடுப்பேன்?"

மன்னிச்சிரும்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள்.

"எங்கிட்ட வேணாம்" என்றாள். "ஞாயித்துக்கெழம கல்லறைத் திருநாளு. வாங்க."

நவம்பர் 2, ஞாயிறு

மழை விட்டிருந்தது. சின்னப்பாறை கல்லறைத் தோட்டத்தில் காலையிலேயே கூட்டம். ஒவ்வொரு கல்லறையிலும் செவ்வந்தி, மெழுகுவத்தி, ஊதுவத்தி. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. நான் நடந்தபோது பேச்சு நின்றது, வழிவிட்டார்கள்.

தொபியாஸுக்கு இன்னும் கல் வைக்கவில்லை. மண்மேடும் மரச்சிலுவையும்தான். மாமியார் மெழுகுவத்தியை நீட்டினாள். பிலோமி அதை வாங்கி மண்ணில் ஊன்றி ஏற்றினாள். காற்றில் இரண்டு தரம் அணைந்தது, மூன்றாவது தரம் நின்றது. பிறகு அவள் குப்புறக் குனிந்து, ஈர மண்ணில் வாயை வைத்து முத்தம் கொடுத்தாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. "மன்னிச்சிருங்க, தெரியாமச் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்றி நின்ற ஒருவரும் அவளைத் தூக்கப் போகவில்லை.

எழுந்தபோது உதட்டிலும் நெற்றியிலும் மண். அதைத் துடைத்துக்கொள்ளாமலே என் பக்கம் திரும்பினாள். கோபமாகச் சொல்லவில்லை.

"இப்ப நீங்க" என்றாள்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். முட்டி போட்டேன். பதினைந்து வருடமாக அவன் ஒரு தரம் இருமிவிட்டுத்தான் என்னிடம் பேச ஆரம்பிப்பான். எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.